நான் நிறுத்தச் சொன்ன புள்ளி

என் மருமகன் கடலில் விழுந்து கிடந்தபோது, அவன் எந்தப் பக்கம் போனான் என்று கரையில் எனக்கு மட்டுமே தெரியும். இரண்டரை மணித்தியாலம் நான் வாயைத் திறக்கவில்லை. புனித அன்னம்மாள் எங்களுக்குச் செய்த உதவியை மட்டும் சொல்லி இதை மறைத்தால், நான் சொல்வது பாதிச் சாட்சியாகத்தான் இருக்கும்.

நான் கண்டக்குழி என்ற கடற்கரை ஊர்க்காரன். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன்; கரையில் எல்லோருக்கும் நான் 'சேர்'. யுத்தம் முடிந்து கடல் திறந்ததும், டொல்பின் பார்க்க வெளிநாட்டவர்கள் வரத் தொடங்கினார்கள். நானும் இரண்டு படகுகள் வாங்கி ஓடவிட்டேன். என் மகள் ஜெசிந்தாவின் கணவன் ரொஷான் விமானி. ஒரு விடுதிக்குச் சொந்தமான, தண்ணீரில் இறங்கி ஏறும் சின்ன விமானத்தை ஓட்டினான்.

கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போனால் தொலைபேசி வேலை செய்யாது. அதனால் ரொஷான் தன் இருக்கைக்கு முன்னால் உள்ளங்கை அளவு செய்மதிக் கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தான். அவன் பறக்கும் இடத்தைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது அனுப்பும். இணையத்து வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி விழும். சிறு செய்திகளும் அனுப்பலாம். அந்த வரைபடத்தை எல்லாப் படகோட்டிகளின் போனிலும் அவனே போட்டுக் கொடுத்தான்.

"நான் விழுந்தா, நேவி வரமுதல் உங்கள்ல ஒராள்தான் கிட்ட நிப்பீங்க," என்றான்.

எங்கள் கரையில் மீன் பட்ட இடத்தை யாரும் சொல்வதில்லை. கூடப்பிறந்தவன் கேட்டாலும் "ஒண்டுமில்ல" என்றுதான் சொல்வோம். படித்தவனானாலும் எனக்குள்ளும் அந்தப் பழக்கம் இருந்தது. விமானம் வட்டமடிக்கும் இடத்தில் டொல்பின் கூட்டம் இருக்கும் என்று கண்டுகொண்டு, கரையிலேயே வரைபடத்தைப் பார்த்துவிட்டு எல்லாப் படகுகளும் அந்தப் புள்ளியை நோக்கி ஓடின. எனக்குப் பொறுக்கவில்லை.

"கரையைத் தாண்டினதும் அந்தப் புள்ளிய நிப்பாட்டு. இடத்தை எனக்கு மட்டும் மெசேஜ் போடு," என்றேன்.

"மாமா, அது விளையாட்டுச் சாமான் இல்ல."

"அப்ப என்ர பேச்சுக்கு இந்த வீட்டில மரியாதை இல்ல?"

அடுத்த நாளிலிருந்து கரையைத் தாண்டியதும் புள்ளியை நிறுத்தினான். பெண் கொடுத்த மாமனை எதிர்த்துப் பேசமாட்டான் என்று தெரிந்துதான் கேட்டேன்.

தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ரொஷான் தனியாகப் பறந்தான். காலை ஏழரைக்குச் செய்தி வந்தது. இடத்தைக் குறிக்கும் எண்களும் 'பெரிய கூட்டம்' என்ற சொற்களும் இருந்தன. என் படகுகள் திருத்த வேலைக்காகக் கரையில் கிடந்தன. தென்மேற்கே எனக்குத் தெரிந்த இடம்தான். நாளைக்கு உதவும் என்று எண்களை மனதில் போட்டுக்கொண்டு, எவனும் பார்த்துவிடாதபடி செய்தியை அழித்தேன்.

எட்டரைக்கு இறங்க வேண்டியவன் இறங்கவில்லை. ஒன்பது மணிக்கு விடுதிக்காரர்கள் கரைக்கு வந்தார்கள். வரைபடத்தில் கடைசிப் புள்ளி கரைக்குக் கிட்ட, வடக்கே நின்றது. படகுகள் வடக்கே ஓடின. நேவிக்கும் அந்த இடத்தையே சொன்னார்கள். அவன் பிறகு தென்மேற்கே திரும்பியது எனக்குத் தெரியும்.

ஜெசிந்தா ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அப்பா, உங்களுக்கு மெசேஜ் ஏதும் போட்டவரோ?"

"இல்ல பிள்ள."

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம். எப்படியும் அவனைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற நப்பாசை. ஒளிந்து நின்று எண்களை நினைத்துப் பார்த்தேன். முதல் எண் எட்டு. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அவன் கருவிக்கு நான்கு முறை செய்தி அனுப்பினேன். பதில் இல்லை.

வீட்டுக்குள் போய் அன்னம்மாள் படத்தின் முன் முழங்காலிட்டேன். "தாயே, நான் சொல்லாமலே அவன் கிடைக்க வேண்டும்," என்று மன்றாடினேன். அப்படியும் ஒரு செபம்! போன் சத்தமில்லாமல் கிடந்தது. வெளியில் மகளின் அழுகை கேட்டது. கடைசியில் எனக்கு ஒரு வசனம்தான் மிஞ்சியது. "தாயே, என் வாயைத் திறந்துவிடு."

எழும்பிக் கரைக்கு நடந்தேன். எஞ்சினுக்கு எண்ணெய் நிரப்பப் படகோட்டி நஸீர் திரும்பி வந்திருந்தான். புள்ளியைப் பார்த்து என் படகுகளை முந்திப் போனதற்காக ஒரு வருடமாக நான் அவன் முகம் பார்த்ததில்லை.

"நஸீர், அவன் வடக்கில இல்ல. நான்தான் புள்ளிய நிப்பாட்டச் சொன்னனான். இடத்தை எனக்கு அனுப்பினவன். நான் அழிச்சிட்டன்."

அவன் என்னையே பார்த்தான். "எந்தப் பக்கம் சேர்?"

"தென்மேற்க. கடலடிக் கல்லுப்பார் முடிஞ்சு ஆழம் விழுற இடம். நான் ஒருத்தருக்கும் சொல்லாத இடம்."

"யா அல்லாஹ்! அது எங்கட வாப்பா காலத்திலேயே எல்லாருக்கும் தெரிஞ்ச எடம் சேர். ஒங்களுக்கு மட்டும்தான் ரகசியம். ஏறுங்க!"

அங்கே போனபோது வெறும் கடல்தான் இருந்தது. நான் உடைந்துபோனேன். நஸீர் எஞ்சினை நிறுத்தி, படகு எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று பார்த்தான். பிறகு அந்த நீரோட்டத்தோடு தெற்கே விட்டான். மதியம் தாண்டி ஒரு மணியளவில் செம்மஞ்சள் நிறம் தெரிந்தது. பாதுகாப்பு அங்கியோடு ரொஷான் மிதந்துகொண்டிருந்தான். உதடு வெடித்திருந்தது. ஒரு கால் முறிந்திருந்தது. விமானம் கவிழ்ந்தபோது கருவியும் அதோடு தாழ்ந்துவிட்டது. புள்ளியை நிறுத்தாமல் விட்டிருந்தால், கடைசிப் புள்ளி அவன் பக்கத்திலேயே விழுந்திருக்கும்.

தூக்கிக் கிடத்தியதும் என் கையைப் பிடித்தான்.

"நீங்க உடன சொல்லியிருப்பீங்க எண்டு தெரியும் மாமா. அந்த நம்பிக்கையிலதான் மிதந்தனான்."

நஸீர் திரும்பிக் கடலைப் பார்த்தான்.

அன்று மாலையே ரொஷானிடமும் ஜெசிந்தாவிடமும் உண்மையைச் சொன்னேன். மருமகன் கண்ணை மூடிக்கொண்டான். பிள்ளையின் ஞானஸ்நானம் வரைக்கும் மகள் என்னோடு கதைக்கவில்லை. அது நியாயம்தான். ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்குத் தலவில அன்னம்மாள் கோயிலுக்கு நடந்து போய், இதைச் சனத்தின் முன் எழுந்து நின்று சொல்கிறேன். என் படகுகள் கூட்டத்தைக் கண்டால் முதலில் நஸீருக்குத்தான் சொல்கிறேன்.

இதை வாசிக்கும் சகோதரரே, உங்கள் செபத்துக்குப் பதில் வரவில்லை என்றால், நீங்கள் யாரிடம் எதை மறைத்து வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். போய்ச் சொல்லுங்கள். தாய் கைவிடமாட்டாள். கெட்டவனான என்னையே கைவிடவில்லை.

கால் சுகமாகி ரொஷான் மறுபடியும் பறக்கிறான். கருவி இப்போது அவன் நெஞ்சுப் பட்டியில் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளி விழுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் நான் சிலுவை போட்டுக்கொள்கிறேன்.