மாரியாத்தாளுக்கு நேர்ந்த ரோஜா

காலையிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

மருமகளுக்கு இது நிறைமாசம். சுகமாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று, தேவாரம் ஊரிலிருந்து பதியன் வாங்கி வைத்த பன்னீர் ரோஜாவின் முதல் பூக்களை மாரியாத்தாளுக்கு நேர்ந்திருந்தேன். இன்று வெள்ளிக்கிழமையாச்சே என்று தலைமுழுகிவிட்டுத் தட்டோடு போனால், செடி மொட்டையாக நிற்கிறது!

பூவெல்லாம் நடுவீட்டில், கண்ணாடிச் சாடித் தண்ணீருக்குள். மதுரையில் இவளுக்குப் பாடம் சொன்ன டீச்சரம்மா கல்யாணத்துக்குக் கொடுத்த சாடி அது. அவர் இன்று இவளைப் பார்க்க வருகிறாராம்.

"ஏத்தா, மொட்டையும் சேத்தா வெட்டுவ?"

"காம்பு நீளமா இல்லேன்னா சாடியில நிக்காது அத்தே. டீச்சரம்மா அப்படித்தான் சொல்லிக் குடுத்தாக."

"ஒனக்காக ஆத்தாளுக்கு நேந்த பூவுத்தா அது!"

"எனக்குத் தெரியாதே. நீங்க யாருகிட்டச் சொன்னீக?"

"ஆத்தாகிட்டச் சொன்னேன்!"

போகட்டும், காம்பைக் கிள்ளிவிட்டுக் கொண்டுபோகலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் டீச்சரம்மா வண்டியை விட்டு இறங்கி உள்ளே வந்துவிட்டார். நேரே சாடிக்குப் போய், ஒவ்வொரு பூவாக மூக்கை வைத்து, "ஆகா, என்ன வாசனை!" என்கிறார்.

மோந்த பூவை எந்தச் சாமிக்குச் சாத்துவது? விருந்தாளியையும் வைய முடியாது, வயிற்றுப்பிள்ளைக்காரியையும் வைய முடியாது.

வெறுங்கையோடு கோயிலுக்குப் போய், "அறியாப் புள்ள, பொறுத்துக்க தாயி. அடுத்த பூவு ஒனக்குத்தேன்" என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் மருமகள் முகமெல்லாம் சிரிப்பு. பூ அடுக்கியிருந்த அழகைப் பார்த்து, அடுத்த தடவை இதைவிடப் பெரிய சாடியாகக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனாராம் டீச்சரம்மா.

ஒரு ரோஜாச் செடியை எங்கே ஒளித்து வைப்பது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும்.