பை-டூ டீயும் ஒரு துளி ரத்தமும்

ஸ்ரீராம்புரத்துச் சந்திரம்மாவின் மானம் அன்று நீலத் தண்ணீர் நிரம்பிய ஒரு கண்ணாடிக் குவளையில் மிதந்துகொண்டிருந்தது.

ரத்ததான முகாமில் நர்ஸ் வீணா அவள் விரல் நுனியைக் குத்தி, ஒரு துளி ரத்தத்தை அந்தத் தண்ணீரில் விட்டிருந்தாள். துளி முங்கினால் ரத்தம் கொடுக்கலாம். மிதந்தால் ரத்தத்தில் இரும்புச் சத்து போதவில்லை, வீட்டுக்குப் போகலாம். போன வருஷ அம்பேத்கர் ஜெயந்திக்கும் மிதந்தது. இந்த வருஷமும், சந்திரம்மா கண்ணாலேயே அதைக் கீழே அமுக்கிப் பார்த்தும், மிதந்தது.

விடிவதற்குள் நாலு தெருவைக் கூட்டி முடிக்கிற மாநகராட்சிக்காரி, எளிதில் அழமாட்டாள். அன்று அழுதாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மகள் வைஷ்ணவி பிறந்தபோது, முன்பின் தெரியாத யாரோ கொடுத்த இரண்டு பாட்டில் ரத்தம்தான் சந்திரம்மாவைப் பிழைக்க வைத்தது. அந்த முகம் தெரியாத புண்ணியவானுக்கு ஈடாக, முகம் தெரியாத யாருக்காவது தானும் கொடுத்தே தீருவதென்று மகள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று வீணா கேட்டதுதான் தாமதம், சந்திரம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. காலையில் ராகிக் களி, மதியம் முருங்கைக்கீரை, சாயங்காலம் கொள்ளுச் சுண்டல், ஞாயிறானால் ஈரல் வறுவல். ஒரு வருஷமாக அவள் தலையைக் கண்டாலே கீரைக்காரி மற்றவர்களிடம் பேச்சை நிறுத்திவிட்டு முருங்கைக்கட்டை எடுத்து நீட்டுவாள். இதற்கு மேல் இரும்பைத் தேடி அவள் எங்கே போவாள்?

"சாப்பிட்டதும் டீ குடிப்பீங்களா அக்கா?"

"டீ குடிக்கிற பழக்கமே இல்ல சிஸ்டர். பை-டூ மட்டும்தான்."

ஆட்டோ ஓட்டும் கணவன் வெங்கடசாமியும் பக்கத்திலிருந்து சாட்சி சொன்னான். கல்யாணமான நாளிலிருந்து அவள் முழு டீ குடித்து அவன் பார்த்ததில்லை. ஒவ்வொரு வேளையும், நடுவில் எதைக் கொறித்தாலும், சாப்பிட்ட கையோடு இருவரும் பச்சைமுத்து கடைக்குப் போவார்கள். ஒரு டீ, இரண்டு கிளாஸ், ஆளுக்குப் பாதி. அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு எத்தனை பாதி என்று வீணா விரல்விட்டு எண்ணச் சொன்னாள். ஒரு கை போதவில்லை.

சாப்பாட்டோடு டீ சேர்ந்தால் கீரையிலும் ராகியிலும் இருக்கிற இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, பாதி டீயும் டீதான் என்றாள் வீணா. சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது போகட்டும். கீரையில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள். எதற்கும் ஒருமுறை டாக்டரையும் பாருங்கள் என்றாள். டாக்டர் சோதித்துவிட்டு வேறு கோளாறு இல்லை என்றார். ஆக, குற்றவாளி அந்தப் பாதி டம்ளர்தான்.

இருபது வருஷத் தாம்பத்தியத்தில் அன்றுதான் முதல் விரிசல். சந்திரம்மா சோறு உண்ட கையோடு கடைப்பக்கம் போவதை நிறுத்தினாள். பச்சைமுத்து பழக்க தோஷத்தில் இரண்டு கிளாஸ் வைப்பான். காலியாய் நிற்கும் அந்த இன்னொரு கிளாஸை வெங்கடசாமி பார்க்கிற பார்வையில் கல்லும் கரையும்.

"அண்ணே, வூட்ல எதுனா சண்டையா?" என்று பச்சைமுத்து ஒருநாள் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"சண்டைன்னா சமாதானம் ஆயிடுவேன்பா. இது இரும்புச் சத்து."

நாலு மாதம் போனது. சந்திரம்மாவின் சாப்பாட்டுத் தூக்கில் தினமும் அரை மூடி எலுமிச்சை இருந்தது. சாயங்கால டீக்கு மட்டும், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கணவனோடு போனாள்.

ஆகஸ்ட் பதினைந்து முகாமில் மறுபடியும் அதே நீலத் தண்ணீர், அதே வீணா. துளி விழுந்தது. மேலே ஒரு கணம் தயங்கி நின்றது. சந்திரம்மா மூச்சை அடக்கினாள். வைஷ்ணவி அம்மாவின் தோளைப் பிடித்தாள். துளி மெல்லத் தலையைக் குனிந்து, விறுவிறுவென்று அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

ரத்தப் பை நிறைவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் வெங்கடசாமி வெளியே நின்றான். முடிந்ததும் அவளுக்கு ஒரு டப்பா மாம்பழ ஜூஸ் கொடுத்தார்கள். பழக்கம் விடுமா? உள்ளே வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, தன் பாதிக்குக் கையை நீட்டினான்.

"ரத்தம் குடுத்தது பாதியா? முழுசா நாந்தானே குடுத்தேன். கையை எடுங்க."

ஸ்ட்ராவை வாயில் வைத்தவளுக்கு, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த யாரோவும் இப்படித்தான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஜூஸ் குடித்திருப்பார் என்று தோன்றியது. கண் நிறைந்தது. ஆனாலும் டப்பாவின் அடியில் காற்று கொர்ரென்று சத்தம் போடும்வரை உறிஞ்சிவிட்டுத்தான் கண்ணைத் துடைத்தாள்.