கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொன்ன கம்ப்யூட்டர்

சுசீந்திரம் பக்கம் வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு கல்லூரியில் நான் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தெட்டோ ஒன்பதோ இருக்கும். புதிதாக ஒரு சர்வர் வந்து இறங்கியது. பிரித்தால், அதில் சிடி போடும் இடமே இல்லை. பென் டிரைவைச் செருகினேன், அது கண்டுகொள்ளவில்லை. நெட்வொர்க் கேபிள் வழியாகத்தான் அதை எழுப்ப வேண்டும்.

ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றி, 'கேபிள் வழியே யார் வந்து கேட்டாலும் லினக்ஸைக் கொடு' என்று அமைத்தேன். சர்வரை ஆன் செய்து, வந்த பட்டியலில் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று நாள் அசையவில்லை. நான்காம் நாள் காலை, கறுப்புத் திரையில் ஒரு புள்ளி வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு புள்ளிகளாக ஓடி, லினக்ஸ் இறங்கத் தொடங்கியது. லேபில் தனியாக நின்று கைதட்டினேன். இடையில் கரண்ட் போய் வந்தது. சர்வருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கும் யுபிஎஸ் இருந்ததால் நான் தலையைக்கூடத் திருப்பவில்லை.

மதியம் ஆபீஸ் அக்கா வந்தார். கல்லூரியின் கடிதங்களையெல்லாம் டைப் செய்பவர். தினமும் நெய்யூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்.

"தம்பி, கரண்டு வந்த பிறவு எனக்க கம்ப்யூட்டர் என்னெல்லாமோ கேட்டுது. எல்லாத்துக்கும் பதில் சொல்லியாச்சு."

"என்னக்கா கேட்டுது?"

"எந்த பாஷைன்னு கேட்டுது, தமிழுன்னு போட்டேன். பேரு கேட்டுது. பிறவு டிஸ்க்கை அழிக்கட்டான்னு கேட்டுது. ஆமான்னு குடுத்தேன்."

அக்காவின் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதெல்லாம் முதலில் நெட்வொர்க்கைத்தான் கேட்கும். அதுவரை பதில் சொல்ல அங்கே ஆளில்லை. அதனால் பேசாமல் தன் டிஸ்க்குக்குத் திரும்பியிருக்கிறது. இப்போது, கேட்பவருக்கெல்லாம் லினக்ஸைக் கொடுக்க நான் ஆள் வைத்துவிட்டேன்.

"வேண்டாம்னு ஒரு பட்டன் இருந்திருக்குமே அக்கா?"

"இருந்துது. இவ்வளவு மரியாதையா தமிழ்ல கேக்குத ஒண்ணுகிட்ட எப்பிடி வேண்டாம்னு சொல்ல?"

சர்வரைத் தவிர யாருக்கும் கொடுக்காதே என்று உடனே மாற்றிவிட்டு அவர் அறைக்கு ஓடினேன். திரை பாஸ்வேர்டு கேட்டு நின்றது. அக்காதான் போட்டிருந்தார், சொல்ல மறுத்தார்.

"ஆருக்கும் சொல்லக் கூடாதுன்னு நோட்டீசு ஒட்டினது நீங்கதானே? அந்தால திரும்புங்க."

ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். வயலில் கொக்குகள் மேய்ந்தன. அக்கா ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டினார்.

உள்ளே ஒன்றுமில்லை. ஐந்து வருடக் கடிதங்கள் போய்விட்டிருந்தன. தப்பு என்னுடையது என்று சொன்னேன். அக்கா ஸ்டீல் அலமாரியைத் திறந்தார். டைப் செய்த ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு பிரிண்ட், நூல் போட்டுக் கட்டி, வருட வாரியாக அடுக்கியிருந்தது.

"இந்தப் பெட்டியை நான் என்னைக்கு நம்பினேன்?" என்றார்.

இரண்டு வாரம், மாலை நான்கு மணிக்குப் பிறகு அவர் வாசிக்க நான் டைப் செய்தேன். ஒரு கடிதத்தில் 'விடுமுறை' என்பதற்கு 'விடுமறை' என்றிருந்தது. திருத்தப் போனேன்.

"தொடாதீங்க தம்பி," என்றார். "பிரின்சிபால் ஒப்புப் போட்ட கடிதம். அப்பிடியே அடிங்க."

அப்படியே அடித்தேன்.