மழையில் நனைந்த பால்

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்த காலம். அப்போது இன்னும் வெள்ளைக்காரத் துரைதான். கைக்குழந்தையான என் மகனை, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவேன். இடையில் பால் கொடுக்க ஓடி வருவேன். மழையில் நனைந்தவளின் பால் குளிர்ந்திருக்கும், பிள்ளைக்குச் சளி கட்டும் என்பது எங்கள் லயத்து வீடுகளில் பேச்சு. அதனால் சூடாக வரும்வரை பாலைப் பீய்ச்சி, வாசலில் தண்ணீர் ஓடும் கானில் விட்டுவிட்டுத்தான் அவனை மடியில் எடுப்பேன். அவனோ துரும்பாய் மெலிந்துகொண்டே போனான்.

குழந்தைகள் எவ்வளவு பால் குடிக்கின்றன என்று ஆராய ஓர் இளம் நர்சம்மா தராசோடு வந்தார். குடிக்கும் முன்னும் பின்னும் அவனை நிறுத்தார். முள் முன்பு நின்ற இடத்தைவிட்டு அசையவே இல்லை.

"எனக்குப் பாலே இல்லீங்களா?"

அவர் கானைப் பார்த்தார். கலங்கல் தண்ணீரில் வெள்ளை கரைந்துகொண்டிருந்தது.

"நாளைக்குக் கீழ விடாம குடுங்க. நிறுத்துப் பாப்போம்."

"சளி கட்டிருச்சின்னா?"

"நான் இங்கேயே இருந்து பாத்துக்கிறேன்."

மறுநாளும் மழை. பயந்துகொண்டே, பீய்ச்சாமல் கொடுத்தேன். முள் நகர்ந்தது. ஆனாலும் மலையில் எனக்குக் கை ஓடவில்லை. காது முழுக்க அவன் இருமலுக்காகக் காத்திருந்தது. மாலையில் விழுந்தடித்து ஓடி வந்தேன். நர்சம்மாவின் மடியில், கடைவாயில் பால் காய்ந்திருக்க, இருமலே இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தான்.

இன்றும் மழை பெய்தால் அந்தக் கான்தான் கண்ணில் நிற்கிறது. என் பிள்ளை பசியில் கிடந்த நாளெல்லாம், அந்தக் கானுக்குத்தான் நான் வயிறு நிறையக் கொடுத்திருக்கிறேன்.