சித்தி கேட்ட கேள்வி

அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்த மாமியின் பெண்ணுக்கு லூபஸ் என்று ஒரு வியாதி. நோயாளிகளின் குடும்பத்தாருக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு கூட்டம் வைத்தார்கள். தனியாகப் போகக் கூச்சப்பட்டு மாமி அம்மாவைத் துணைக்கு இழுத்தாள். அம்மா என்னை இழுத்தாள். சமோசா தருவார்கள் என்று தெரிந்திருந்தால் இழுக்காமலே போயிருப்பேன். எனக்கு அப்போது பத்து வயது.

டாக்டரம்மா திரையில் ஒரு பெண்ணின் முகத்தைக் காட்டினார். இரண்டு கன்னத்திலும் மூக்குத்தண்டிலும் சிவப்பாகத் தடித்திருந்தது. காலையில் விரல் மடங்காது, முடி கொத்தாகக் கொட்டும், வெயில் பட்டால் எல்லாம் கூடும் என்றார். "சீக்கிரம் கண்டுபிடிச்சா மருந்துலயே கட்டுக்குள்ள வெச்சுக்கலாம். கிட்னிக்குப் போயிட்டா கஷ்டம். வீட்ல இருக்கறவங்கதான் முதல்ல கவனிக்கணும்."

நான் கவனித்துவிட்டேன். "அம்மா, நம்ம சித்தி மாதிரியே இருக்கு" என்றேன். அம்மா தொடையில் கிள்ளியது மூன்று நாள் வலித்தது.

சித்தி, அம்மாவின் தங்கை. எங்களோடு இருந்துதான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முகத்துச் சிவப்பை உடம்புச் சூடு என்று சொல்லிப் பயத்தமாவு பூசினோம். கைவலிக்கு நல்லது என்று அம்மாவே அவளைத் தினமும் மொட்டைமாடி வெயிலில் உட்காரவைத்தாள். அவள் கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது.

கூட்டம் முடிந்து வீடு வந்து, மாமி மாடியேறியதும் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "சித்திகிட்ட மூச்சு விடப்படாது. தெரிஞ்சா அவளே கல்யாணம் வேண்டாம்னுடுவா. பத்திரிகை கொடுத்தாச்சு. தாலி ஏறட்டும், அப்புறம் டாக்டர்ட்ட காட்டிக்கலாம்." வீட்டில் எனக்கு ஓட்டை வாய் என்று பெயர். அதனால் சுவாமி படத்தின் முன்னால் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து சித்தி மொட்டைமாடி வெயிலுக்குப் போகக் கூடாது, கல்யாணப் பெண் கறுத்துவிடுவாளாம். ஆக, டாக்டரம்மா சொன்னதை அம்மா நம்பாமல் இல்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வாரம் சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். விரல் மடங்காமல் மூன்று தடவை அவிழ்த்து அவிழ்த்துப் போட்டாள்.

"கூட்டத்துல என்னடி சொன்னா?"

"சமோசா குடுத்தா."

"அது இல்லடி. அந்த வியாதி வந்தா என்னெல்லாம் பண்ணும்னு சொன்னாளா?"

"நான் தூங்கிட்டேன் சித்தி."

அவள் பின்னி முடித்தாள். பிறகு ரிப்பனைக் கட்டிவிட்டாள்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. தாலி ஏறிய பிறகு, தலை தீபாவளி முடியட்டும் என்றாள் அம்மா. தீபாவளிக்கு வந்த சித்தி, கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல் வந்தாள். இரண்டு கிட்னியும் பழுது என்றார்கள். அடுத்த தீபாவளிக்கு அவள் இல்லை.

ஒரு ரகசியத்தைக் கட்டிக்காத்துவிட்டேன் என்று, அவள் தலை பின்னிவிட்ட அன்று, எனக்கு ஒரே பெருமை. சித்தியை நன்றாக ஏமாற்றிவிட்டதாகவும் நினைத்தேன். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டதென்றோ, வீட்டில் யாரைக் கேட்டாலும் மழுப்புவார்கள் என்று தெரிந்துதான், உண்மையைச் சொல்லிவிடக்கூடிய ஒரே ஆளிடம் வந்து கேட்கிறாள் என்றோ எனக்கு அப்போது புரியவில்லை.