கேற்றில் யார் பெயர்?

இன்று காலை, வீட்டுக் கேற்றில் மாட்ட ஒரு பெயர்ப்பலகை எழுதக் கொடுக்க ஆரையம்பதிக் கடைக்குப் போனேன்.

முப்பத்திரண்டு வருடம் அங்கே என் கணவருடைய பெயர்தான் தொங்கியது. இப்போது எனக்கு ஐம்பத்தெட்டு வயது. விவாகரத்துத் தீர்ப்பு வந்து மூன்று மாதம்.

தாளில் என் பெயரை மட்டும் எழுதி நீட்டினேன்.

“ஐயாட பேர விட்டுட்டீங்க, அக்கா,” என்றார் கடைக்காரர்.

“விடல்ல தம்பி. டிவோஸ் எடுத்தாச்சு.”

“ஐயோ! அப்ப இப்ப ஆர்ட வீட்டில இரிக்கிறீங்க?”

மட்டக்களப்பில் பிறந்தவர் கேட்கிற கேள்வியா இது?

“என்ட வீட்டிலதான். அம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. நம்மட ஊரில மாப்பிள்ளைதானே பொண்ணுட வீட்டுக்கு வாறது? அவர் ஒரு சூட்கேசோட வந்தவர், ஒரு சூட்கேசோட போயிட்டார்.”

கடைக்காரர் துடைத்த தூரிகையையே திரும்பவும் துடைத்தார். பிறகு மெதுவாக, “நானும் என்ட மனிசிட வீட்டிலதான் இரிக்கன், அக்கா,” என்றார்.

“கேற்றில ஆர்ட பேர்?”

“என்ட பேர்தான். நானே எழுதினது.”

என் பெயரைத் தெருமுனையிலிருந்தே தெரியும்படி பெரிதாக எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டு உறுதிப் பத்திரத்தில் யார் பெயர், கேற்றில் யார் பெயர்?