எர்லன்ரோட் ஊரின் காம்பு

கிஸ்பர்ட் டாய்பர் நல்லவர். மாவட்ட அலுவலகத்தில் இருபது வருஷம் அவருக்கு எதிர் மேசையில் தட்டச்சு செய்தவள் நான். சொல்ல எனக்கு உரிமை உண்டு. யார் மனமும் கோணக் கூடாது அவருக்கு. அதுதான் வினையாகப் போனது.

1972இல் இரண்டு மாவட்டங்களை ஒன்றாக்கினார்கள். புது மாவட்டத்துக்குக் கேடய வடிவில் புதுச் சின்னம் வேண்டும். கேடயத்தின் ஒரு பாதியில் சமவெளி மாவட்டத்தின் சிங்கம். மறு பாதியில், எங்கள் காட்டுப்பக்கத்துக்காக, பொன் நிறத்தின் மேல் பச்சை லிண்டன் மரக் கிளை. கிளையில் ஏழு இலை. ஏன் ஏழு என்று கேட்டால், "இடம் அவ்வளவுதாங்க" என்றார் ஓவியர். ஆனால் அனுமதி கேட்கும் தாளில் ஒவ்வொன்றுக்கும் பொருள் எழுதியாக வேண்டும்.

"காட்டுப்பக்கத்து ஏழு ஊருன்னு போட்டுடும்மா" என்றார் டாய்பர்.

"எட்டு ஊர் இருக்கே."

"எர்லன்ரோட்ல முந்நூறு பேர்கூட இல்ல. யாரு எண்ணப் போறா? தட்டு."

தட்டினேன்.

எண்ண ஆள் வந்தது. எர்லன்ரோட் மேயர் அல்முட் ரீஸ், பன்றிப் பண்ணைக்காரி, ரப்பர் பூட்ஸோடு நேரே மேசைக்கு வந்தாள்.

"இதுல எங்க இலை எதுங்க?"

டாய்பர் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்க ஊருதாங்க காம்பு. காம்பு இல்லாம இலை ஏது?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் கோடையிலேயே ஊர்த் தீயணைப்புப் படைக்குக் கொடி தைத்தார்கள். நடுவில் வெறும் காம்பு.

"குச்சிக் கொடின்னு பக்கத்து ஊர்க்காரனுங்க கிண்டல் பண்றானுங்க" என்று அடுத்த முறை வந்தபோது சொல்லிக்கொண்டே, தன் பண்ணைப் பன்றியில் செய்த சாசேஜ் ஒரு வளையம் டாய்பர் மேசையில் வைத்தாள். "பண்ணட்டும். எல்லாரும் எங்க மேல தொங்குறவனுங்கதானே."

டாய்பர் அதைத் தொடவில்லை. நான் தின்றேன். நன்றாகவே இருந்தது, அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இரண்டு வருஷம் கழித்துச் சின்ன ஊர்களைப் பெரிய ஊர்களோடு சேர்க்கக் கூட்டம் போட்டார்கள். எர்லன்ரோட்டின் பேரே போய்விடும். மாவட்டத் தலைவர் நான் தட்டிய தாளைத் தூக்கிக் காட்டினார். "ஏழு ஊருன்னு நம்ம சின்னமே சொல்லுது."

அல்முட் எழுந்தாள். "நாங்கதாங்க காம்பு. டாய்பரே சொன்னாரு. சொல்லுங்க டாய்பர்."

டாய்பர் மேசையைப் பார்த்தார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நானும் தலை தூக்கவில்லை. அவள் உட்கார்ந்தாள்.

ஜனவரியில் ஊர்ப் பலகையைக் கழற்றினார்கள். அதே வாரம் அலுவலகத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே அந்தக் கொடி; கடிதம் இல்லை. டாய்பர் அதை அடி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். பதினோரு வருஷம் திறக்கவில்லை.

ஓய்வு பெற்ற அன்று திறந்தார். கொடியை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"எனக்கு எதுக்குங்க இது?" என்றேன்.

"நீயுந்தானேம்மா தட்டுன."

வாங்கிக்கொண்டேன்.